'குவெய்' என்றால் திட்டா, நட்பா? ஸ்பானிஷ் பேச்சுவழக்கு நாட்டுக்கு நாடு மாறும் கதை

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படித்து பி1 என்கிற இடைநிலைப் படியை முடித்திருக்கிறீர்கள். வேலையில் மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா ஆட்களோடு தினமும் பேச்சு. மெக்சிகோக்காரர் ஒருவர் பேச்சு வாக்கில் சிரித்துக்கொண்டே உங்களைக் 'குவெய்' என்றார். அகராதியைப் பார்த்தால் எருது என்று போட்டிருக்கிறது. எல்லா நாட்டிலும் செல்லுபடியாகிற ஸ்லாங் பட்டியல் ஒன்று கிடைக்குமா என்கிறீர்கள். பட்டியல் என்று கேட்டாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. அந்த ஆள் என்னைத் திட்டினாரா, கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாரா? நானும் அதையே திருப்பிச் சொல்லலாமா? இவை இரண்டுக்கும் பதில் இருக்கிறது. பட்டியலுக்குத்தான் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினான்கு வருடமாக ஸ்பானிஷ்தான் சோறு போடுகிறது. முதல் ஐந்து வருடம் காதில் ஹெட்போனோடு கொலம்பியத் தலைநகர் பொகோதா, மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் பேசினேன். அப்புறம் மொழிபெயர்ப்பு, வகுப்பு. அதனால் கொலம்பியா, மெக்சிகோ பற்றிச் சொல்வதை நம்பலாம். ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் படித்தும் பழகியும் தெரிந்தவை. சிலேக்காரர் (சிலி நாட்டவர்) வேகமெடுத்தால் இன்றைக்கும் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றுதான் கேட்கிறேன். இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் போன வாரம் கண்டுபிடித்த சொற்களை என்னிடம் கேட்க வேண்டாம். எழுத்து பற்றி ஒன்று: ச என்று எழுதினால் மச்சானில் வருகிற ச, மெல்லிய ஒலிக்கு ஸ போடுகிறேன். ஸ்பானியர்களின் த நம்முடைய த மாதிரியே நாக்கு பல்லைத் தொட்டு வருவது, அந்த வகையில் தமிழ் எழுத்து இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

சரி, குவெய். அகராதி பொய் சொல்லவில்லை. 'புவெய்' என்றால் காயடித்த எருது. மந்தமானவன், ஏமாளி என்று திட்ட அதைப் பயன்படுத்தினார்கள், ஒலி தேய்ந்து 'குவெய்' ஆயிற்று, இளைஞர்கள் குறுஞ்செய்தியில் 'வெய்' என்று எழுதுகிறார்கள். திட்டாகவே இருந்த சொல் நண்பர்களுக்குள் புழங்கிப் புழங்கி விளியாகிவிட்டது. இப்போது பெண்கள்கூடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பழைய பொருள் சாகவில்லை. "கே ஓந்தா, குவெய்?" என்றால் "என்ன மச்சி, எப்படி?" "நோ ஸேயாஸ் குவெய்" என்றால் "முட்டாள்தனம் பண்ணாதே". வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆரம்பத்திலோ கடைசியிலோ, தனியாகத் தொங்கிக்கொண்டு வந்தால் விளி. 'நீ ஒரு' என்பதற்குப் பின்னால் வந்தால் திட்டு. உங்கள் ஆள் பேச்சு வாக்கில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், ஆகவே திட்டு இல்லை, சேர்த்துக்கொண்டதுதான். நம்மிடம் 'டேய்' இல்லையா, கூடப் படித்தவன் சொன்னால் காதில் தேன், பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் சொன்னால் சட்டையைப் பிடிப்போம். குவெய்யும் அந்தச் சாதிதான்.

நாட்டுக்கு நாடு இந்த விளி மாறுவதுதான் உங்களை அதிகம் குழப்பப்போகிறது. ஸ்பெயினில் 'தீயோ', அதாவது மாமா அல்லது சித்தப்பா. மச்சான், மாப்ளே, மாமு என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம்கூட விசித்திரமாகப் படாது. என் வகுப்பில் வேறு மாநிலத்து மாணவர்கள் விழிப்பார்கள், நம் பிள்ளைகள் உடனே சிரித்துவிடுவார்கள். அர்ஜென்டினாவில் 'போலூதோ', சிலேயில் 'வெயோன்', கொலம்பியாவில் 'பார்ஸே', வெனிசுவேலாவில் 'பானா', கோஸ்தா ரீகாவில் 'மாயே', கியூபாவில் 'அஸேரே'. வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, எது எப்படிப் பிறந்தது என்று பார்ப்பது நல்லது. போலூதோவும் வெயோனும் ஆணின் விதைப்பையைக் கிண்டல் செய்து பிறந்தவை. கனமாகத் தொங்குகிறது, ஆகவே ஆள் மந்தம் என்ற கணக்கு. குவெய் மாதிரியே முட்டாள் என்ற திட்டிலிருந்து நண்பன் என்ற இடத்துக்கு நடந்து வந்தவை. இப்படித் திட்டாகப் பிறந்தவை எந்த நிமிடமும் திரும்பிக் கடிக்கும். பார்ஸேவோ 'பார்ஸேரோ' என்பதன் குறுக்கம், கூட்டாளி என்ற பொருளிலேயே பிறந்தது. அதைத் தவறான இடத்தில் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்குமே தவிர யாரும் அவமானப்பட மாட்டார்கள். புதிய விளி ஒன்று காதில் விழுந்தால் நான் முதலில் விசாரிப்பது அதன் பிறப்பைத்தான்.

ஒரே சொல் எல்லை தாண்டியதும் ஆளே மாறிவிடுவதற்கு நல்ல உதாரணம் 'பென்தேஹோ'. அடிப்பொருள் உடம்பின் மறைவிடத்து முடி, அதை விட்டுவிடுவோம். மெக்சிகோவில் அது முட்டாள், அதுவும் காரமான முட்டாள். அலுவலகத்தில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் விஷயம் மேலிடம் வரை போகும். அர்ஜென்டினாவில் பொடியன், விடலை. கொஞ்சம் ஏளனம் உண்டு, அவ்வளவுதான். பெருவில் நேர்மாறு, கில்லாடி, சூழ்ச்சிக்காரன். ஒருவனை ஏமாளி என்று திட்டுகிற அதே சொல்லால் இன்னொரு நாட்டில் ஏமாற்றுகிறவனைச் சொல்கிறார்கள்.

நான் வாங்கிய அடி 'கொஹேர்' என்ற வினையில். எடுப்பது, பிடிப்பது என்பதற்கு ஸ்பெயினில் காலை முதல் இரவு வரை சொல்கிற சொல் அது. பஸ் பிடிப்பது, சாவி எடுப்பது, சளி பிடிப்பது எல்லாம் கொஹேர்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகம் ஸ்பெயினில் அச்சானது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், மெக்சிகோவின் மோந்தெரேய் நகரத்து அம்மா ஒருவரிடம், "உங்கள் விவரங்களை எடுத்துக்கொள்கிறேன்" என்பதற்கு இந்த வினையைப் போட்டேன். மறுமுனையில் சில நொடி அமைதி. பிறகு பின்னால் யாரிடமோ ஏதோ சொல்லி இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். பிறகு அவர், பேரனுக்குச் சொல்வது போல, "தம்பி, 'தொமார்' என்று சொல்லு" என்றார். மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே மூன்றிலும் கொஹேர் என்றால் உடலுறவுக்கான பச்சைச் சொல். லத்தீன் அமெரிக்கா முழுவதும் அப்படி என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. கொலம்பியாவிலும் கியூபாவிலும் சாதாரணமாகவே பஸ்ஸைக் கொஹேர் செய்கிறார்கள். 'தொமார்', 'அகர்ரார்' இரண்டும் எங்கேயும் ஆபத்தில்லை, கொஹேரை நாக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பஸ் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் 'அவுதோபூஸ்', மெக்சிகோவில் 'கமியோன்' (மற்ற ஊர்களில் இது லாரி), அர்ஜென்டினாவில் 'கொலெக்தீவோ', பேச்சில் 'போந்தி', சிலேயில் 'மீக்ரோ'. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகள், கியூபா, தொமினிகன் குடியரசு, போர்த்தோ ரீகோவில் 'குவாகுவா'. இது தெருப்பேச்சு மட்டுமில்லை, கனாரியின் லாஸ் பால்மாஸ் நகரப் பேருந்து நிறுவனத்தின் பெயரிலேயே குவாகுவா இருக்கிறது. அதே சொல் சிலே, பொலிவியா, எக்வதோர் (ஈக்வடார்) பக்கம் போனால் கைக்குழந்தை. ஆண்டிஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. ஆக, கனாரித் தீவுக்காரர் "குவாகுவாவைக் கொஹேர் செய்யப்போகிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னால், குழந்தை என்று புரிந்துகொள்கிறவர் முகத்தையும், கொஹேரை வேறு மாதிரி புரிந்துகொள்கிறவர் முகத்தையும் நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்பானிஷ் உலகத்தில் கிழடு தட்டிப்போன ஜோக் இது, ஆனாலும் வேலை செய்கிறது.

உங்கள் பட்டியலில் கொலம்பியா இருப்பதால் கொஞ்சம் அங்கே நின்று பேசுகிறேன். அங்கே ஆபத்து கெட்ட வார்த்தையில் இல்லை, மரியாதையில் இருக்கிறது. பொகோதாக்காரர் தொலைபேசியை எடுத்ததும் "கே மாஸ்?" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "வேறென்ன?" நான் முதல் தடவை கேட்டபோது, பேச்சை முடிக்கச் சொல்கிறார் என்று பயந்து, மீதி இருந்த மூன்று விஷயங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அது வெறும் "எப்படி இருக்கீங்க?" (நம் ஊர் மாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் வகுப்பில் மறக்காமல் இருக்க உதவுகிறது.) அடுத்தது 'ரெகலார்', பரிசளிப்பது. கொலம்பியாவில் எதையும் கேட்கும்போது பரிசாகக் கேட்கிறார்கள். "உங்கள் மின்னஞ்சலைப் பரிசளிக்கிறீர்களா?", "ஒரு நிமிடம் பரிசளியுங்கள்." கடையில் "ஒரு தீந்தோ பரிசளியுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காசும் கொடுப்பார்கள். தீந்தோ என்றால் அங்கே பால் சேர்க்காத காப்பி. ஸ்பெயினில் தீந்தோ கேட்டால் சிவப்பு ஒயின் வரும், காலை எட்டு மணிக்கு என்றால் ஒரு பார்வையும் சேர்ந்து வரும். இன்னொன்று, மரியாதைப் பன்மை மாதிரி நாம் படிக்கிற 'உஸ்தேத்'. நீங்கள் என்பதற்கு உஸ்தேத், நீ என்பதற்கு 'தூ' என்று பாடத்தில் இருக்கும். பொகோதா பக்கம் கூடப்பிறந்தவர்களும் நெருங்கிய நண்பர்களும் ஒருவரையொருவர் உஸ்தேத் என்பது சகஜம். அண்ணன் தம்பி இரண்டு பேர் என் எதிரில் உஸ்தேத், உஸ்தேத் என்று பேசிக்கொண்டபோது சொத்துத் தகராறு என்று நினைத்தேன். பாசத்தில்தான் பேசியிருக்கிறார்கள். கொலம்பிய சகா உங்களை உஸ்தேத் என்றால் விலக்கி வைக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அர்ஜென்டினாவில் தூ இருந்த இடத்தில் 'போஸ்' உட்கார்ந்திருக்கும், வினைமுற்றும் கொஞ்சம் மாறும். 'தியேனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) என்று நீங்கள் படித்தது 'தெனேஸ்' ஆகும். இது ஸ்லாங் இல்லை, அங்கே இலக்கணமே அதுதான், செய்தி வாசிப்பவரும் அப்படித்தான் பேசுவார்.

மெக்சிகோவின் 'அஓரீத்தா'வை எந்தப் பாடமும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. 'அஓரா' என்றால் இப்போது. அதற்குச் செல்ல விகுதி சேர்த்தால் அஓரீத்தா, 'இப்பவே' என்றுதான் இலக்கணப்படி வரவேண்டும். நடப்பில் அது "தோ, கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுத் துண்டைத் தேடுகிறோமே, அந்த இப்போது. ஐந்து நிமிடமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம், நடக்காமலேயும் போகலாம். கரீபியன் தீவுகளில் பல இடங்களில் அதற்குப் பொருளே 'அப்புறம்' என்று ஆகிவிட்டது. வேலை விஷயத்தில் அஓரீத்தா வந்தால், கோபப்படாமல், "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

குடித்த மறுநாள் காலைத் தலைவலிக்கு வைத்திருக்கிற பெயர்களை எடுத்தால் ஒரு கண்டமே சிரிக்கும். புத்தகச் சொல் 'ரெஸாகா', அலை பின்வாங்குவதற்கும் அதுதான் சொல். மெக்சிகோவில் 'குரூதா', வேகாத பச்சை. கொலம்பியாவில் 'குவயாபோ', கொய்யா மரம். வெனிசுவேலாவில் 'ராதோன்', எலி. எக்வதோரில் 'சுச்சாகி', சொல்லும்போதே வயிறு புரட்டுகிறது. சிலேயில் 'கான்யா'. இந்தக் கான்யாவை ஸ்பெயின் தலைநகர் மத்ரீத்தின் மதுக்கடையில் கேட்டால் சின்னக் கிளாஸில் பீர் வைப்பார்கள். அங்கே இரவில் கேட்டு வாங்குவதை சிலேயில் மறுநாள் காலையில் அனுபவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு ஊற்றுகளைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ஒன்று அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரெஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள். துறைமுகத்து நெரிசல் குடியிருப்புகளில் அவர்கள் பேச்சும் ஸ்பானிஷும் கலந்து 'லுன்ஃபார்தோ' என்கிற தெருப்பேச்சு பிறந்தது. வேலைக்கு 'லபூரோ', இத்தாலிய லவோரோ. சோம்பலுக்கு 'ஃபியாகா'. பையனுக்கு 'பீபே'. அப்புறம் அசைகளைத் திருப்பிப் போடுகிற விளையாட்டு: தாங்கோ நடனம் 'கோதான்' ஆகும், காப்பியைச் சொல்கிற கஃபே 'ஃபேகா' ஆகும், நண்பனைச் சொல்கிற அமீகோ 'கோமியா' ஆகும். அந்த விளையாட்டின் பெயரே 'பெஸ்ரே', திருப்பம் என்று பொருள்படும் 'ரெபேஸ்' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசினோமே, அந்தக் குறும்புதான். நமக்கு ஏழாம் வகுப்போடு போயிற்று; அவர்கள் 1962-ல் லுன்ஃபார்தோவுக்கென்று ஓர் அகாதமியே தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு ஊற்று நம் பக்கத்திலிருந்து போனது. ஜிப்ஸிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்கள் ஸ்பெயினுக்கு வந்ததற்குச் சான்றாகக் காட்டப்படுவது 1425-ல், இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதியான அரகோனின் மன்னர் கொடுத்த பயண அனுமதி. அவர்களுடைய மூதாதையர் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள், மொழி இந்தியும் மராத்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மொழி ஸ்பானிஷோடு கலந்து 'காலோ' ஆனது, காலோவிலிருந்து ஸ்பெயினின் தெருவுக்குச் சொற்கள் இறங்கின. பையனைக் குறிக்கும் 'சபால்', வேலை செய்வதற்கான 'குர்ரார்', 'சூப்பரா இருக்கு' என்பதற்கான 'மோலா', மட்டமானதற்கு 'சுங்கோ' எல்லாம் அப்படி வந்தவை. சபாலும் மராத்தியில் சிங்கக்குட்டியைச் சொல்கிற 'சாவா'வும் ஒரே வேரில் முளைத்தவை. மத்ரீத்தில் ஒருவர் "சபால்!" என்று பையனை அதட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சொல்லின் பிறப்புக் கதைகளில் கலப்படமும் நிறைய, அதனால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கரை, பொதுவாக அயல்நாட்டாரைக் குறிக்கும் கிரிங்கோ என்ற சொல் அமெரிக்க–மெக்சிகோ போரில் பச்சைச் சீருடைப் படையைப் பார்த்து 'கிரீன், கோ' என்று மெக்சிகோ மக்கள் கத்தியதால் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்தப் போர் 1846-ல் தொடங்கியது. 1787-ல் வெளியான தெர்ரேரோஸ் பாதிரியாரின் அகராதியிலேயே, ஸ்பெயினின் மாலகா நகரத்தில் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷ் பேசும் அயல்நாட்டாரை அப்படிச் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறது. ஆகவே கதை பொய், அது உறுதி. கிரேக்கன் என்று பொருள்படும் 'கிரியேகோ' திரிந்து வந்தது என்பது பலர் ஏற்கிற விளக்கம். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் அடித்துச் சொல்கிற அளவுக்கு அதற்குச் சான்று கிடையாது. அதேபோல, செவர்லே நோவா கார் ஸ்பானிஷில் 'நோ வா', 'ஓடாது' என்று ஒலித்ததால் விற்கவில்லை என்று நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்வார்கள். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. மெக்சிகோ அரசு எண்ணெய் நிறுவனம் தன் பெட்ரோலுக்கே நோவா என்று பெயர் வைத்திருந்தது. உண்மையான கதை மிட்சுபிஷி பஜேரோ, நம் சாலைகளிலும் ஓடியதே அதே வண்டிதான். தென் அமெரிக்கக் காட்டுப் பூனையின் பெயரை வைத்தார்கள். பல ஸ்பானிஷ் நாடுகளில் அது சுயஇன்பம் செய்கிறவனுக்கான கொச்சைச் சொல். அதனால் ஸ்பெயினிலும் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அந்த வண்டி மோந்தேரோ.

சொல் சிரிப்போடு நிற்காமல் தண்டனை வரை போனதும் உண்டு. 2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக இரண்டு கோல் போட்ட உருகுவே வீரர் எதின்சோன் கவானி, வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் "கிராஸியாஸ் நெக்ரீத்தோ" என்று பதில் போட்டார். உருகுவேயில் நெருங்கியவர்களைத் தோல் நிறம் பார்க்காமலே அப்படிக் கூப்பிடுவார்கள். நம் வீடுகளில் 'கருப்பா' என்று செல்லமாகக் கூப்பிடுவது போல. இங்கிலாந்து கால்பந்து சங்கம் அதை இனவாதச் சொல்லாகப் பார்த்து மூன்று ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் மொழி அகாதமி அந்த முடிவைக் கண்டித்தது. யார் சரி என்பதில் எனக்கு அரை மனதுதான். அந்த இரண்டு பேருக்கு நடுவில் அது அன்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் எழுதினால் வீட்டுப் பொருள் கூடவே போவதில்லை. நிறம், உடம்பு பருமன் ஆகியவற்றை வைத்துச் செல்லமாகக் கூப்பிடுவது அங்கே சகஜம், உங்களையும் கூப்பிடலாம். நீங்கள் யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டாம்.

இவ்வளவு வித்தியாசம் என்றால் அவர்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றும். தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவரோனின் 'ரோமா' என்ற படம் 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, ஸ்பெயினில் மெக்சிகோ பேச்சுக்கு ஸ்பெயின் ஸ்பானிஷில் வசனவரி போட்டார்கள், 'மமா' என்றதை 'மாத்ரே' என்று மாற்றும் அளவுக்கு. குவரோன் கோபப்பட்டார், நிறுவனம் அதை எடுத்துவிட்டது. மதுரைப் படத்துக்குச் சென்னையில் தமிழ் வசனவரி போட்டால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். வேறு நாட்டுக்காரரிடம் பேசும்போது தங்கள் ஊர்ச் சொற்களில் பாதியை அவர்களே உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்தப் பொது மொழிதான் நீங்கள் படித்தது, அதில் குறையொன்றும் இல்லை.

ஆக, காது எல்லாவற்றுக்கும் திறந்திருக்கட்டும், வாய் கொஞ்சம் மெதுவாகத் திறக்கட்டும். வாய்க்கு முதலில் பழக்க வேண்டியது 'சரி' என்ற சொல்லைத்தான், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தேவைப்படும், யாரையும் புண்படுத்தாது, பேசிப் பழகிய ஆள் என்று உடனே காட்டிவிடும். மெக்சிகோவில் 'ஸாலே', கொலம்பியாவில் 'லீஸ்தோ', அர்ஜென்டினாவில் 'தாலே', ஸ்பெயினில் 'பாலே'. நன்றாயிருக்கிறது என்பதற்குக் கொலம்பியரிடம் 'செவெரே', அர்ஜென்டினாக்காரரிடம் 'கோபாதோ', மெக்சிகோக்காரரிடம் 'கே பாத்ரே'. அப்பா என்று பொருள்படும் பாத்ரே அங்கே பிரமாதம். அம்மாவைக் குறிக்கும் மாத்ரே வருகிற தொடர்களோ, புகழ்ச்சியானாலும் வசவானாலும், பெரும்பாலும் கொச்சை. அதன் பக்கமே போகாதீர்கள். மற்றதற்கு ஸ்பானிஷ் அகாதமிகளின் கூட்டமைப்பு 2010-ல் வெளியிட்ட லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் சொல் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நாடு, கொச்சையா இல்லையா என்று குறி போட்டிருப்பார்கள். பேச்சு முடிந்ததும் புதிதாகக் கேட்ட சொல்லையும் சொன்னவரின் நாட்டையும் அதில் தேடுவது என் பதினான்கு வருடப் பழக்கம்.

குவெய் விஷயத்தில், அவர் இன்னும் நாலைந்து தடவை சொல்லட்டும், குழுவில் மற்றவர்களும் உங்களை அப்படிக் கூப்பிடட்டும். அதன் பிறகு அவரிடம் மட்டும் நீங்களும் சொல்லலாம், அவருடைய மேலாளரிடம் கிடையாது. அதுவரை "கே ஓந்தா, குவெய்?" என்று வந்தால் "தோதோ பியேன், இ தூ?" (எல்லாம் நல்லது, நீ எப்படி?) என்று சிரித்தாலே போதும். அழைப்பை முடிக்கும்போது "ஸாலே, குவெய், அஓரீத்தா தே மார்கோ" என்பார், "சரி மச்சி, இதோ கூப்பிடுறேன்" என்று. போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.